பேலட் பலகையில் ஒரு படிக்கட்டு

என் மகளுக்கு மூன்று வயது முடிந்தபோதும் அவள் தரையில்தான் இருந்தாள். உட்காருவாள், தவழுவாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்ப்பாள். முட்டி மடங்கி அப்படியே சரிவாள். குறைமாதத்தில் பிறந்தவள். பிறந்த நேரத்தில் மூளைக்குப் போக வேண்டிய காற்று குறைந்துபோனதால் கால்களில் இந்த இறுக்கம் என்றார் மருத்துவர். புத்தியில் ஒரு குறையும் இல்லை. வாய் மட்டும் ஊர் முழுக்க நடந்துவிட்டு வரும்.

முகப்பேரில் ஒரு பயிற்சி நிலையத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போவோம். அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் என்னைவிட வயதில் சின்னவர். ஒரு நாள் என் மகளின் குதிகாலை உள்ளங்கையில் தாங்கி மெல்ல மடக்கிக்கொண்டே சொன்னார்.

"இங்க வந்து பண்றது மட்டும் பத்தாதும்மா. வீட்டிலயே படி வேணும். ரெண்டு பக்கமும் கைப்பிடி. தினமும் ஏறணும், இறங்கணும். அது பயிற்சின்னே அவளுக்குத் தெரியக் கூடாது, விளையாட்டா இருக்கணும். இப்ப செஞ்சாதான் உண்டு. வளர வளர தசை இறுகிடும்."

வளர வளர இறுகிடும். அந்த வார்த்தை என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு மகள் வளர்வதைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருந்தது. கவுனின் தையலைப் பிரித்து இறக்கும்போது மற்ற தாய்மார்கள் சந்தோஷப்படுவார்கள். நான் பிரித்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மண்ணூர்பேட்டையில் எங்கள் வீடு தரைத்தளம். அவளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாது என்றுதான் அந்த வாடகை வீட்டைப் பிடித்தோம். கட்டடத்துக்கென்று ஒரு மாடிப்படி உண்டு, வழவழவென்று கிரானைட். ஒவ்வொரு படியும் அவள் முட்டிக்கு மேலே வரும். ஒரு தடவை அதில் ஏற்றிப் பார்த்தேன். கை வழுக்கி உதடு கிழிந்தது. பூங்காவுக்குப் போனால் சறுக்குமர ஏணியில் பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஏறுவார்கள். என் மகளை முதல் படியில் நிறுத்தி நான் பின்னால் பிடித்திருந்தபோது பின்னால் நின்ற ஒரு சிறுமி, "ஆன்ட்டி, பாப்பாவ நகத்துங்க" என்றாள். அவள் மேல் என்ன தப்பு? நகர்த்தினேன்.

கடையில் ஒரு படி வாங்கினோம். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் வாஷ்பேசினில் கை கழுவுவதற்குச் செய்தது அது. அவள் ஒரு பக்கம் சாய்ந்ததும் அதுவும் கூடச் சாய்ந்தது. ஒரு தச்சரை அழைத்தோம். வந்தார், அளந்தார், பண்டிகை முடியட்டும் என்றார். எத்தனையோ பண்டிகை முடிந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இயந்திர பாகங்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. ஏற்றுமதிக் காகிதங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. எங்கள் குடோனுக்குப் பின்னால் சுவரை ஒட்டிப் பேலட்கள் மலையாகக் கிடக்கும். சரக்கை அடுக்கி, அடியில் ஃபோர்க்லிஃப்டின் இரும்பு முட்களைக் கொடுத்துத் தூக்குவதற்கான மரத்தட்டுகள். உடைந்ததும் பழசானதும் வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து அங்கேயே கிடக்கும். வருஷக்கணக்காக அவற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பாட்டு டப்பா கழுவியிருக்கிறேன். ஒரு மத்தியானம் கழுவிக்கொண்டிருக்கும்போதே டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவற்றை நோக்கி நடந்தேன். கால்தான் போனது. யோசித்தேன் என்று சொல்ல முடியாது.

மேலாளரிடம் கேட்டேன். "தாராளமா எடுத்துக்கோங்க, இடம் காலியாகும்" என்றார்.

ஆனால் தாராளமாக எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அது என் தொழில். கடல் தாண்டிப் போகும் மரத்தில் பூச்சி இருக்கக் கூடாது என்பதால், ஒன்று சூட்டில் வாட்டுவார்கள், இல்லையென்றால் விஷப்புகை போடுவார்கள். எது செய்தார்கள் என்று மரத்தில் சூடு வைத்தாற்போல ஒரு முத்திரை இருக்கும். கதிர் படம், பக்கத்தில் எழுத்துகள். எச்.டி. என்றால் சூடு. எம்.பி. என்றால் புகை. முத்திரை சரியில்லை என்று எத்தனையோ பெட்டிகளை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்போதெல்லாம் அது வெறும் எழுத்து. இப்போது என் மகள் அந்த மரத்தைப் பிடித்து எழுவாள். பிடித்த கையை வாயில் வைப்பாள்.

சாப்பாட்டு நேரங்களில் துப்பட்டாவை முகத்தில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பேலட்டாகப் புரட்டினேன். எம்.பி. போட்டிருந்ததை ஒதுக்கினேன். முத்திரையே இல்லாததையும் ஒதுக்கினேன். அது எதைச் சுமந்ததோ, யார் கண்டது? எச்.டி. இருந்தும் எண்ணெய்க் கறை படிந்தது, பச்சையாகப் பாசி பூத்தது, மோந்தால் மூக்கைக் கடித்தது எல்லாவற்றையும் தள்ளினேன். முழங்கால் போட்டுக் கட்டையை மோந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து லோடு ஏற்றுகிறவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தேறியவற்றைக் குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வண்டிக்காரர் கேட்டார்.

"இன்னா மேடம், வெந்நி போட எட்த்துனு போறீங்களா?"

"இல்லண்ணா. பாப்பா விளையாட."

"இதுலயா?" என்றார். வண்டியிலிருந்து இறக்கும்போது ஆணி நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தை அவரே சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

பகலில் மகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருவார். எங்களுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளிப் பள்ளத்தில் அவர் வீடு. அவருடைய மாமனார் காலத்தில் இந்த எஸ்டேட் பக்கமெல்லாம் வயல், அதில் கூலி வேலை. இப்போது அவர் புருஷனும் மகனும் அதே இடத்தில் கம்பெனி வேலை. கட்டைகளைப் பார்த்ததும் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாமா இது, ஊட்டுக்குள்ள குப்பைய கொண்ணாந்து போட்டுகீற? கொயந்த கால்ல ஆணி ஏறுனா யாரு பதில் சொல்றது?"

"ஒரு ஆணி இருக்காதுக்கா. நான் பார்த்துக்கிறேன்."

"இன்னாத்த பாக்கப் போறியோ."

பேலட் ஆணி சும்மா வராது. திருகு திருகாக முறுக்கிய ஆணி. மரத்தைக் கடித்துக்கொண்டு உள்ளேயே உடையும். கடப்பாறையை நெம்பினால் பலகை பிளக்கும். என் கணவர் ஒரு ரம்பத் தகட்டை வாங்கி வந்து, பலகைக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு ஆணியை அறுத்துக் காட்டினார். பிறகு ஒவ்வொரு துண்டாகச் சுத்தியும் குறடும் வைத்துப் பிடுங்க வேண்டும். ஒரு காந்தத்தை நூலில் கட்டிப் பலகை முழுக்க இழுப்பேன். ஒட்டினால் உள்ளே இன்னும் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். அதுவும் வராவிட்டால் அந்தப் பலகையே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலைகள் இதிலேயே போயின. என் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து மறுபடி கொப்புளம் எழுந்தது. வலி பிடித்திருந்தது எனக்கு. கை வலிக்கிற நேரம் மனசு கொஞ்சம் சும்மா இருந்தது.

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அதைவிடப் பெரிய வேலை. மகளை முதல் மாடி வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு, வாசலில் வைத்துத்தான் தேய்ப்பேன். அந்தத் தூள் அவள் மூச்சில் போகக் கூடாது. முதலில் சொரசொரத் தாள், பிறகு நடுத்தரம், பிறகு நைசு. தேய்த்த பலகை மேல் என் பழைய நைலான் துப்பட்டா ஒன்றை இழுத்துப் பார்ப்பேன். எங்காவது நூல் மாட்டினால் அங்கே சிராய் இருக்கிறது. மறுபடி தாளை எடுப்பேன். மூலைகளை எல்லாம் அரத்தால் ராவி உருட்டினேன்.

பிசியோதெரபிஸ்ட் அளவு சொல்லியிருந்தார். தாழ்வாக மூன்று படி, மேலே அவள் உட்காரவும் திரும்பவும் ஒரு மேடை, மேடையைச் சுற்றி அடைப்பு, இரு பக்கமும் அவள் நெஞ்சு உயரத்துக்குக் கைப்பிடி. அடைப்புக் கம்பிகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்று நானும் கணவரும் சண்டை போட்டோம். அகலமாக விட்டால் உடம்பு நுழைந்து தலை மாட்டும். ரொம்ப ஒடுக்கினால் விரல் சிக்கும். என் மூடிய கை நுழையாத அளவு, அவள் கை தாராளமாய் போய் வரும் அளவு என்று முடிவானது. மேல்மட்டத்தில் ஆணி வேண்டாம், எல்லாம் திருகு. திருகின் தலையை மரத்துக்குள் இறக்கி, மேலே மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசினோம். அடிப்பாகத்தை மேல்பாகத்தைவிட அகலமாக வைத்து, சுவரோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்கினோம். தண்ணீரில் கரையும் வார்னிஷ் அடித்து, வாசனை முழுக்கப் போகும்வரை அவளை அந்தப் பக்கமே விடவில்லை.

கடைசியாக என் கணவர் அதன் மேல் ஏறி நின்று குதித்தார். கிறீச்சென்றுகூடச் சத்தம் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை.

மகளைக் கொண்டுவந்து முதல் படிக்கு முன்னால் நிறுத்தினேன். "உனக்குத்தான். ஏறு" என்றேன்.

அவள் பார்த்தாள். "வேணாம்" என்றாள். தவழ்ந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

புதுசு, பழகட்டும் என்று விட்டோம். மறுநாளும் வேணாம். மேலே பொம்மை வைத்தேன், பிஸ்கட் வைத்தேன், அவளுக்குப் பிடித்த பாட்டை மேடையில் போனை வைத்துப் பாட விட்டேன். கீழே உட்கார்ந்தே பாட்டைக் கேட்டாள். கையைப் பிடித்து ஏற்றினால் காலை விறைத்துக்கொள்வாள். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு காலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். தெரபி அறையில் சொன்னதைச் செய்கிறவள் வீட்டில் அந்தப் படியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். வாரங்கள் போயின. ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது என் கண்ணுக்கு முன்னால் அவள் தசை, கயிறு மாதிரி, முறுக்கேறிக்கொண்டே போவது தெரியும்.

ஊரிலிருந்து மாமியார் போனில், திருச்செந்தூருக்கு நேர்ந்துகொள் என்றார். நேர்ந்துகொண்டேன். யாரோ எண்ணெய் சொன்னார்கள், தேய்த்தேன். யாரோ ஆவடி பக்கம் ஒரு வைத்தியரைச் சொன்னார்கள், போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணிடம்கூட, "உங்க பிள்ளை எப்ப நடந்துச்சு?" என்று கேட்டிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அது நடந்தது. அவளைத் தூக்கி இரண்டாவது படியில் நிறுத்தி, இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்து என் கையால் மூடி அழுத்திக்கொண்டேன். "ஒரு கால். ஒரே ஒரு கால் தூக்கு" என்றேன். அவள் அழுதாள். நான் விடவில்லை. "தூக்குடி" என்று கத்தினேன். அவள் குனிந்து என் மணிக்கட்டைக் கடித்தாள். அப்போதும் விடவில்லை. என் கணவர் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குழந்தையை வாங்கினார். அவருக்குக் கோபம் வந்தால் திருநெல்வேலி வந்துவிடும்.

"ஏட்டி, மரத்தப் போட்டு இழைக்க மாதிரி பிள்ளையப் போட்டு இழைக்காத. என்ன பண்ணுத நீ?"

"அப்ப நீங்க சொல்லுங்க. வேற என்ன பண்ணணும்? சொல்லுங்க, அதைப் பண்றேன்."

வேறு வழி தெரிந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். என் கையால் தேய்த்த பலகை. எங்கு தடவினாலும் ஒரு சிராய் இல்லை. எதற்காக?

அதற்குப் பிறகு அவளை அதன் பக்கம் நான் அழைக்கவில்லை. படியின் மேல் துவைத்த துணி குவிந்தது.

எப்போது என்று சரியாக நினைவில்லை, மழைக்காலம் பிறப்பதற்கு முன்னால். ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்கா கிளம்ப நின்றவர், ஏதோ ஞாபகம் வந்தாற்போலச் சொன்னார்.

"யம்மா, அந்தக் கட்டை மேல கீற துணிய மட்சி வச்சிடு. நானு வீடு தொடைக்கசொல்ல பாப்பா ஈரத்துல வந்து வய்க்கிடுதுன்னு அது மேலதான் குந்த வெக்கிறேன். துணியெல்லாம் கீய தள்ளுது."

"மேல உட்கார வைக்கிறீங்களா? அழலையா?"

"இன்னாத்துக்கு அயுவுது? குந்திகினு பாட்டு பாடும். நான் பக்கெட்ட நவுத்துனா போதும், தண்ணில கை வெக்கணும் அதுக்கு. திரும்பிகினு, கம்பிய புட்ச்சிகினு பின்னாலயே எறங்கி வந்துடும்."

"இறங்கி வருதா? தானாவா?"

"ஆமாம்மா. நான் திட்னா மறுபடி ஏறும். ஏன், ஏறக் கூடாதா?" அக்கா பயந்துவிட்டார். "நீ ஒண்ணும் சொல்லலியே. கட்டைல ஏத்தக் கூடாதுன்னா சொல்லிடு, நான் கட்டில்லயே குந்த வெக்கிறேன்."

அக்காவுக்குப் பயிற்சியும் தெரியாது, பேலட்டும் தெரியாது. அவருக்கு ஈரத்தரை காய வேண்டும், அவ்வளவுதான். நான் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். அக்கா, "இப்ப இன்னா ஆச்சு, நான் இன்னா சொல்ட்டேன்" என்று தவித்தார். சந்தோஷம்தான். அதோடு இன்னொன்றும் இருந்தது. நான் கூப்பிட்டபோது வராதவள், ஒரு பக்கெட் தண்ணீருக்காக வந்திருக்கிறாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு வந்து, வாசல் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே அக்கா துடைத்துக்கொண்டிருந்தார். மேடையில் என் மகள். பக்கெட் நகர்ந்தது. அவள் வயிற்றால் திரும்பினாள். ஒரு கால் கீழே வந்து காற்றில் துழாவியது. விரல் நுனி பலகையைத் தொட்டது, நகர்ந்தது, பிறகு பாதம் பதிந்தது. மற்ற கால் வர வெகு நேரமானது. கைப்பிடியில் அவள் விரல்கள் வெளுத்திருந்தன. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நின்றுவிடுவாள் என்று தெரியும்.

பிசியோதெரபிஸ்டிடம் சொன்னபோது, "நல்லது, இதை விட்டுடாதீங்க. இடைவெளி விழுந்தா மறுபடி முதல்லேர்ந்துதான்" என்றார். நானும் வீடு துடைக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காரணமே இல்லாமல் துடைத்தேன். அவளைப் பார்க்காதது மாதிரி பக்கெட்டை நகர்த்துவேன். முதலில் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பாள். பிறகு இறங்குவாள். ஒரு நாள் முன்பக்கமாகவே ஏறினாள். "என் படி" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

அப்புறம் மழை வந்தது.

இரண்டு நாள் விடாமல் பெய்தது. விடியற்காலையில் கணவர் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்ததும் சளக்கென்று சத்தம் கேட்டது. தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, குளியலறை ஓட்டை வழியாக ஏறிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெருத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. எஸ்டேட் பக்கமிருந்து வரும் தண்ணீர் கறுப்பாக இருக்கும். மேலே எண்ணெய் வானவில் மாதிரி மினுக்கும். சாக்கடையும் அதில்தான். மகளைத் தூக்கிக்கொண்டு முதல் மாடி வீட்டுக்கு ஓடினோம். படுக்கை, அரிசி, கேஸ் அடுப்பு என்று கணவர் மேலே கொண்டுவந்தார். படிக்கட்டைக் கொண்டுவர முடியவில்லை. சாயாமல் இருக்கச் சுவரோடு நாங்களே இறுக்கி வைத்தது. திருகைக் கழற்றுவதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது.

தண்ணீர் வடிந்து நாங்கள் உள்ளே போனபோது அது நின்ற இடத்திலேயே நின்றது. கைப்பிடி வரைக்கும் கறுப்புக் கோடு. பலகைகள் ஊதிப்போயிருந்தன. வார்னிஷ் தோலுரிந்து தொங்கியது. ஆனால் ஒரு திருகுகூட விடவில்லை.

"கழுவிட்டு, பிளீச்சிங் போட்டு, மொட்டை மாடில காய வச்சா சரியாயிரும்" என்றார் கணவர். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவர் சொல்வதை நம்பிவிட வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? ரம்பத்தை எடுத்து ஒரு பலகையின் ஓரத்தை அறுத்துப் பார்த்தேன். கறுப்பு உள்ளே பாதி வரைக்கும் இறங்கியிருந்தது. மோந்தேன். டீசலும் சாக்கடையும் இன்னும் என்னவோ ஒன்றும். குடோனில் இப்படி மணந்த ஒரு பேலட்டைக்கூட நான் எடுக்கவில்லையே. இதில் என்ன கலந்திருக்கிறது என்று எந்த முத்திரை சொல்லும்? மேல்பரப்பைத் தேய்த்து எடுத்துவிடலாம், உள்ளே இருப்பதை?

"உடைச்சிரலாம்" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லு. இப்பத்தான் பிள்ளை ஏற ஆரம்பிச்சிருக்கா. இடைவெளி விழக் கூடாதுன்னு சொன்னாங்கள்லா?"

"அதான் சொல்றேன். இப்ப உடைங்க. நாளைக்கு எனக்கு மனசு வராது."

மாடிப்படியில் மாடி வீட்டு அம்மாவின் மடியிலிருந்து மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். கடப்பாறை முதல் தடவை இறங்கியதும், "என் படி! அப்பா, என் படி!" என்று அலறினாள். அவர் நிறுத்திவிட்டார். நான் கடப்பாறையை வாங்கிக்கொண்டேன். நாங்கள் எவ்வளவு பலமாகச் செய்திருந்தோம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு பலகையும் போராடித்தான் வந்தது. மகளின் குரல் கம்மிப்போய் விக்கலாகும்வரை உடைத்தேன்.

உடைத்ததை வாசலில் போட்டிருந்தோம். மத்தியானம் அக்கா வந்தார். சேலை முழங்கால் வரைக்கும் சேறு. பள்ளத்தில் இருக்கும் அவர் வீட்டில் கூரை தவிர எதுவும் மிஞ்சவில்லை. அவர் கண் கட்டைகளின் மேல் போனது.

"கண்ணு, இந்தக் கட்டைய எட்த்துக்கட்டா? சிலிண்டர் எங்கயோ மெதந்து பூட்ச்சி. பேரப்புள்ளைங்களுக்கு கஞ்சி வெக்கக்கூட நெருப்பு இல்ல."

"வேணாம்க்கா. இதுல என்ன தண்ணி ஊறியிருக்குன்னு தெரியல. எரிச்சா அந்தப் புகை ஆகாது."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "உடைச்சி தெருவுல போட்ட கட்டை. அத்த குடுக்க மன்சு இல்லியா ஒனக்கு?"

"அப்படி இல்லக்கா. சத்தியமா இல்ல. அரிசி எங்கிட்ட இருக்கு, மாடில அடுப்பு இருக்கு. வாங்க, இங்கயே வைங்க."

"எத்தினி பேருக்கு வெப்ப நீ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அன்றைக்கு என்னிடம் சொல்லி விளங்க வைக்கத் தெம்பு இல்லை. பெரிய பாத்திரத்தில் கஞ்சி வைத்து, கணவர் கையில் கொடுத்து அனுப்பினேன். பாத்திரம் திரும்பி வந்தது, கழுவி. அக்கா வரவில்லை. அண்ணனூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்தில் சொன்னார்கள். கட்டைகளை மாநகராட்சி வண்டி வரும்வரை நான் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடி, காவல் காத்தேன். அப்படியும் காலையில் பார்த்தால் பாதி இல்லை. யார் அடுப்பிலோ எரிந்திருக்கும். அந்த நேரத்தில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீடு காய, தவணை தவணையாகக் காய்ச்சல் வந்து போக, குடோன் மறுபடி திறக்க எல்லாவற்றுக்கும் காலம் பிடித்தது. அதற்குள் பிசியோதெரபிஸ்ட் சொன்னதே நடந்தது. மகளின் குதிகால் தரையில் பதிய மறுத்தது. நுனிக்காலில் நின்றாள். மறுபடி குடோன், வெள்ளத்துக்குப் பிறகு வந்திறங்கிய பேலட்கள் மட்டும், மறுபடி முத்திரை, மறுபடி மோப்பம், ரம்பத் தகடு, காந்தம், உப்புத்தாள். இந்தத் தடவை இரண்டே படி. சுவரோடு பூட்டாமல், தனித்தனியாகக் கழற்றித் தூக்குகிற மாதிரி, அகலமான அடிக்கட்டையோடு செய்தோம். பொங்கல் கழிந்து அக்கா திரும்பி வந்தார். பழைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. துடைப்பானை எடுத்துக்கொண்டு, "பாப்பாவ மேல குந்த வெய்யி" என்றார், அவ்வளவுதான்.

இறங்குவதற்கு வெகு நாள் எடுத்தது. அழுதாள். அழுதுகொண்டேதான் இறங்கினாள்.

இப்போது அவளுக்கு ஐந்தாகப் போகிறது. தனியாக இன்னும் நடக்கவில்லை. தசைநாரைத் தளர்த்த ஒரு ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். செய்தால் நடப்பாளா என்று கேட்டேன். "வாய்ப்பு இருக்கு" என்றார்கள். அதற்கு மேல் யாரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

போன வாரம் அக்காவின் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு அண்ணனூர் போனோம். ரயிலை விட்டு இறங்கியதும் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தைப் பார்த்து, "நான் ஏறுவேன்" என்றாள் மகள். இரும்புக் கைப்பிடி அவளுக்கு எட்டவில்லை. பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கணவர் பின்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. யாரோ ஒருவர், "ஓரமா போங்கப்பா" என்றார். அவள் ஒரு படி ஏறினாள். இன்னொன்று. கால் நடுங்கியது. அதற்கு மேல் முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் தீரும்வரை நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மீதிப் படிகளை நான் ஏறினேன். கனமாகிவிட்டாள்.